டெல்லி–ஆக்ரா முகலாயச் சுற்றுலா: இந்த ஐந்து நாள் பேக்கேஜ் எடுக்கலாமா?

திண்டிவனத்தான்:

எல்லோருக்கும் வணக்கம். அப்பா முப்பது வருடம் அரசுப் பள்ளியில் வரலாறு எடுத்தவர். பாபரில் தொடங்கி பகதூர் ஷா வரை தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வருஷத்தோடு சொல்வார். ஆனால் வடக்கே அவர் போன கடைசி ஊர் திருப்பதி. தாஜ்மகாலை இதுவரை படத்தில்தான் பார்த்திருக்கிறார். இந்த வருடம் எப்படியாவது கூட்டிப்போய்விட வேண்டும் என்று நானும் மனைவியும் முடிவு செய்துவிட்டோம். அப்பாவுக்கு 68, அம்மாவுக்கு 63, அம்மாவுக்கு இரண்டு முழங்காலிலும் வலி உண்டு. பையன் ஐந்தாம் வகுப்பு.

இங்கே ஒரு டிராவல்ஸில் "முகலாயப் பேரரசின் பாதையில்" என்று ஐந்து நாள் பேக்கேஜ் சொன்னார்கள். வியாழன் காலை விமானத்தில் டெல்லி, அன்றே குதுப் மினார், இந்தியா கேட், ஹுமாயூன் கல்லறை. வெள்ளி ஆக்ரா: தாஜ்மகால், ஆக்ரா கோட்டை, ஷாப்பிங். சனி ஃபத்தேபூர் சிக்ரி பார்த்துவிட்டு அப்படியே ஜெய்ப்பூர். ஞாயிறு ஜெய்ப்பூர் சுற்றிவிட்டு இரவு டெல்லி. திங்கள் செங்கோட்டை, ஜமா மசூதி, சாந்தினி சவுக், மாலை விமானம். கைடு, ஏசி வண்டி, ஹோட்டல், காலை உணவு எல்லாம் சேர்த்தி, விமானக் கட்டணம் தனி. அரையாண்டு விடுமுறையில், அதாவது டிசம்பர் கடைசி வாரம் போகலாம் என்று திட்டம்.

கேள்வி இதுதான். இந்த பேக்கேஜ் நமக்கு ஒத்துவருமா, இல்லை நாமே ஏற்பாடு செய்துகொண்டு போவது நல்லதா? எங்களில் யாருக்கும் இந்தி வராது. அப்பா மட்டும் எப்போதோ பிராத்மிக் பாஸ் செய்தேன் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்.

நடைவண்டி:

கிழமையைப் பார்த்தீர்களா? தாஜ்மகால் வெள்ளிக்கிழமை மூடியிருக்கும், செங்கோட்டை திங்கள்கிழமை மூடியிருக்கும். உங்கள் பேக்கேஜில் சரியாக வெள்ளியன்று தாஜ், திங்களன்று செங்கோட்டை. இதை வேண்டுமென்றே செய்தால்கூட இவ்வளவு பொருத்தமாக அமையாது. அவர்கள் கொடுத்த தாளில் கீழே பொடி எழுத்தில் "மூடியிருந்தால் வெளியிலிருந்து காட்டப்படும்" என்று ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள்.

திண்டிவனத்தான்:

பார்த்தேன். இருக்கிறது. "நினைவுச்சின்னங்கள் மூடப்பட்டிருக்கும் பட்சத்தில் வெளிப்புறத்திலிருந்து காண்பிக்கப்படும்." அப்பாவிடம் சொன்னேன், ஒரு நிமிடம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் "வெளியிலிருந்து பார்க்கத்தான் வீட்டில் காலண்டர் இருக்கிறதே" என்றார்.

காவிரிக்கரை:

சகோ, நான் டெல்லியில் பதினான்கு வருடம் இருந்தவன். ஊரிலிருந்து வரும் சொந்தக்காரர்களை ஆக்ராவுக்குக் கூட்டிப்போவதே ஒரு காலத்தில் எனக்கு இரண்டாவது உத்தியோகமாக இருந்தது, அந்த உரிமையில் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் ஜெய்ப்பூரை வெட்டுங்கள். நல்ல ஊர்தான், ஆனால் அது ராஜபுத்திரர்கள் கட்டிய ஊர், அதற்குத் தனியாக ஒருமுறை போகலாம். சனி, ஞாயிறு இரண்டு நாளும் பாதி நேரம் வண்டியிலேயே போய்விடும், அம்மாவின் முழங்கால் அதிலேயே மடங்கிவிடும். குதுப் மினார் முகலாயர்களுக்கு முந்நூறு வருடம் முந்தியது, இந்தியா கேட் வெள்ளைக்காரன் கட்டியது. பேக்கேஜுக்கு "முகலாயப் பாதை" என்று பெயர் வைத்துவிட்டு அப்பாவை இந்தியா கேட்டில் நிறுத்திப் படம் எடுக்கப் போகிறார்கள்.

அடுத்தது வரிசை. பெரும்பாலான பேக்கேஜில் முதலில் தாஜ்மகாலைக் காட்டிவிடுவார்கள். அதற்கப்புறம் எதைப் பார்த்தாலும் "தாஜ் மாதிரி இல்லையே" என்றுதான் தோன்றும். நான் தாஜைக் கடைசியில் வைப்பேன். கட்டிய வரிசையிலேயே பார்த்துக்கொண்டு வந்தால் ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு துண்டு தாஜுக்குள் போய்ச் சேர்வது கண்ணுக்கே தெரியும். உங்கள் அப்பா மாதிரி ஆளுக்கு இதைவிட நல்ல விருந்து கிடையாது.

டெல்லியில் ஹுமாயூன் கல்லறையில் தொடங்குங்கள். அக்பர் காலத்தில், 1560களில் கட்டத் தொடங்கி 1570 வாக்கில் முடித்தது, கட்டவைத்தது ஹுமாயூனின் மனைவி ஹாஜி பேகம். நாலாகப் பிரித்த தோட்டம், நடுவில் உயரமான மேடை, அதன் மேல் ஒரே பெரிய வெள்ளைக் குவிமாடம். மேடைமேல் நின்று பார்த்தால் தாஜின் எலும்புக்கூடு அங்கேயே தெரிந்துவிடும், கல்தான் சிவப்பு. அந்தக் குவிமாடம் இரண்டு அடுக்கு, உள்ளே இருந்து தெரிவது ஒன்று, வெளியே தெரிவது இன்னொன்று. இந்தத் தந்திரத்தைத்தான் தாஜிலும் செய்தார்கள். முகலாயக் குடும்பத்தில் நூறு பேருக்கு மேல் அங்கே புதைக்கப்பட்டிருக்கிறார்கள். ஷாஜகானின் மூத்த மகன் தாரா ஷிகோவும் அங்கேதான். கடைசி ராஜா பகதூர் ஷா 1857இல் ஒளிந்திருந்து பிடிபட்டதும் அதே இடத்தில். ஆக, அப்பாவின் பாடத்தில் பாதி அந்த ஒரு வளாகத்திலேயே முடிந்துவிடும். பக்கத்தில் புராணா கிலாவில் ஷேர் மண்டல் என்று ஒரு சின்ன எண்கோணக் கட்டடம் இருக்கிறது, 1556இல் ஹுமாயூன் படியில் தவறி விழுந்து செத்தது அங்கேதான். நேரம் இருந்தால் அதையும் காட்டுங்கள்.

ஆக்ராவில் சிக்கந்தராவுக்குப் போங்கள், அக்பரின் கல்லறை. அவரே இடம் பார்த்து வேலையைத் தொடங்கினார், மகன் ஜகாங்கீர் 1613இல் முடித்தார். அங்கே நுழைவாயிலின் நாலு மூலையிலும் வெள்ளைப் பளிங்கில் நாலு மினார் நிற்கும், தாஜின் மினார்கள் அங்கிருந்துதான் கிளம்பின என்று வைத்துக்கொள்ளலாம். உங்கள் பையனுக்கு இதெல்லாம் அலுத்துவிட்டால் கவலைப்பட வேண்டாம், தோட்டத்தில் மான் மேய்ந்துகொண்டிருக்கும், கிண்டியில் பார்ப்போமே அதே வெளிமான். அக்பர் இருப்பது கீழே ஒரு சரிவான பாதை வழியாக இறங்கிப் போகும் இருட்டு அறையில். அங்கே அலங்காரம் எதுவும் கிடையாது, வெறும் கல் ஒன்று.

அப்புறம் யமுனைக்கு அக்கரையில் இத்மத்-உத்-தௌலா. பேக்கேஜ்காரர்கள் பெரும்பாலும் விட்டுவிடும் இடம் இதுதான், எனக்கு ஆக்ராவிலேயே ரொம்பப் பிடித்த இடமும் இதுதான். ஜகாங்கீரின் மனைவி நூர்ஜகான் தன் அப்பா மிர்ஸா கியாஸ் பெய்குக்காக 1622லிருந்து 1628க்குள் கட்டிய கல்லறை. சின்னது, நகைப்பெட்டி மாதிரி இருக்கும். முழுக்கப் பளிங்கால் கட்டி, அதில் வண்ணக் கல்லைப் பதித்து வேலை செய்த முதல் பெரிய முகலாயக் கட்டடம் என்று இதைத்தான் சொல்கிறார்கள். சுவரில் சைப்ரஸ் மரம், மாதுளை, பூச்சாடி, மதுக்குடுவை, கிண்ணம் என்று பதித்திருக்கிறார்கள். கல்லறைச் சுவரில் மதுக்குடுவையா என்று அப்பா நிச்சயம் கேட்பார், சொர்க்கத்தைக் காட்டும் பாரசீக வழக்கம் அது. உள்ளே நடுவில் இருப்பது நூர்ஜகானின் அம்மாவின் சமாதி, அப்பாவினுடையது பக்கத்தில் ஒட்டினாற்போல. அம்மா முதலில் இறந்ததால் நடு இடம் அவருக்குப் போய்விட்டது. இதை மனதில் வைத்துக்கொண்டு தாஜுக்குள் போங்கள். அங்கேயும் மும்தாஜ் நட்டநடுவில் இருப்பார், ஷாஜகான் ஓரத்தில் இருப்பார். அவ்வளவு பெரிய வளாகத்தில் இடமும் வலமும் ஒத்துப்போகாத ஒரே பொருள், கட்டியவரின் சமாதிதான்.

மல்லிப்பூ மதுரை:

தம்பி, நான் போன வருடம் மாமியாரோடு போய்வந்தேன், அவருக்கு 71. காவிரிக்கரை சார் சொல்வதெல்லாம் சரிதான், ஆனால் அவர் படிக்கட்டைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை, ஆம்பிளைகளுக்கு அது கண்ணில் படாது!

ஹுமாயூன் கல்லறை மேடைக்கு ஏறுகிற படி செங்குத்து, ஒவ்வொன்றும் உயரம். மாமியார் ஏறவில்லை, கீழே தோட்டத்தில் உட்கார்ந்துகொண்டார், அங்கிருந்தே கட்டடம் முழுக்கத் தெரிகிறது, வருத்தமில்லை. டெல்லி ஜமா மசூதிக்கு எந்த வாசலில் போனாலும் முப்பது படிக்கு மேல் ஏற வேண்டும். ஃபத்தேபூர் சிக்ரியில் புலந்த் தர்வாசா வழியாக ஏற வேண்டாம், அது மலை ஏறுகிற மாதிரி. அரண்மனைப் பக்கம் இருக்கிற பாதுஷாஹி தர்வாசா வழியாகப் போனால் படி குறைவு, உள்ளே போய் முற்றத்திலிருந்து அந்தப் பெரிய வாசலைப் பார்த்துக்கொள்ளலாம். செங்கோட்டை சமதளம்தான், ஆனால் நடை ஜாஸ்தி. தாஜில் சக்கர நாற்காலி கேட்டால் கொடுக்கிறார்கள். வண்டியெல்லாம் தூரத்திலேயே நிறுத்திவிட வேண்டும், அங்கிருந்து பேட்டரி வண்டி. கௌரவம் பார்க்காமல் அம்மாவை நாற்காலியில் உட்கார வையுங்கள். எங்கள் மாமியார் "நான் என்ன நோயாளியா" என்று அரை மணி நேரம் கோபமாக இருந்தார், அப்புறம் இறங்க மனசில்லை.

டிக்கெட் விஷயம். நம்மவர்களுக்குத் தாஜ் வளாகத்துக்கு 50 ரூபாய், மேலே மேடை ஏறி உள்ளே சமாதி பார்க்கத் தனியாக 200 ரூபாய். பதினைந்து வயதுக்குக் கீழ் இலவசம், அதனால் பையனுக்கு வேண்டாம். முந்தின நாளே தொல்லியல் துறையின் தளத்தில் எடுத்துவிடுங்கள், டிக்கெட் மூன்று மணி நேரம்தான் செல்லும். தின்பண்டம் எதையும் உள்ளே விடமாட்டார்கள், நான் முறுக்குப் பொட்டலத்தை வாசலில் பறிகொடுத்தேன். தண்ணீர் பாட்டில் பரவாயில்லை. மேடைமேல் ஏற செருப்புக்கு உறை மாட்ட வேண்டும்.

இனி கைடு கதை. எங்களோடு பேக்கேஜில் வந்த கைடு தாஜில் இருபது நிமிடம் பேசினார், பளிங்குச் சாமான் கடையில் ஒன்றே முக்கால் மணி நேரம் பேசினார். "தாஜ் கட்டிய சிற்பிகளின் வாரிசுகள் இவர்கள்" என்று அறிமுகம். ஏசி, டீ, கதவைச் சாத்திவிட்டு விளக்கை அணைத்து மேஜைக்கு அடியில் டார்ச் அடித்துக் காட்டுவது எல்லாம் நடந்தது. ஒன்றும் வாங்கவில்லை என்றதும் டீ கொடுத்தவரின் முகம் மாறியதைப் பார்க்க வேண்டும். அந்தக் கடையில் போன நேரத்தில் ஆக்ரா கோட்டையை நாற்பது நிமிடத்தில் ஓட்டிவிட்டார்கள். சிக்ரியிலும் அப்படித்தான், வண்டி நிறுத்துகிற இடத்திலேயே "அரசு கைடு, அரசு கைடு" என்று ஒரு பையன் ஒட்டிக்கொண்டான், கடைசியில் தர்காவில் போர்த்தத் துணி வாங்கச் சொல்லி நிறுத்தினான். சூஃபி ஞானி சலீம் சிஷ்தியின் தர்காவில் பளிங்குச் சன்னலில் வேண்டிக்கொண்டு கயிறு கட்டலாம், அதற்கு இவ்வளவு கொடு என்று யாரும் நிர்ப்பந்திக்க முடியாது. அதனால் என் கட்சி, கைடே வேண்டாம். உங்கள் அப்பாவே போதும்.

பழைய ரயில்:

மதுரை அக்காவோடு ஒரு விஷயத்தில் ஒத்துப்போக மாட்டேன். கைடு வேண்டாம் என்பது சரியில்லை, கடையில் கமிஷன் வாங்குகிற கைடு வேண்டாம் என்று சொல்லுங்கள். சுற்றுலா அமைச்சகத்தின் அடையாள அட்டை கழுத்தில் தொங்குகிற கைடுகள் இருக்கிறார்கள். அட்டையைக் கேட்டு வாங்கிப் பார்த்து, தொகையை முதலிலேயே பேசி, "கடைக்குப் போக மாட்டோம்" என்று முதல் வாக்கியமாகச் சொல்லிவிட்டுக் கூட்டிக்கொண்டு போனால் நன்றாகவே இருக்கும். இத்மத்-உத்-தௌலாவில் எனக்கு அமைந்தவர் ஒரு பெரியவர், ஆங்கிலத்தில் நிறுத்தி நிறுத்திப் பேசுவார். சுவரில் ஒரு சிவப்புப் பூவைக் காட்டி, ஒவ்வொரு இதழும் தனித்தனியாக வெட்டி வைத்த கல், விரலால் தடவினால் இணைப்புத் தட்டுப்படக் கூடாது, அதுதான் வேலையின் தரம் என்றார். அப்புறம் கைப்பேசி விளக்கை அந்தப் பூமேல் வைத்தார். சுற்றியிருந்த பளிங்கு மங்கலாக ஒளிர்ந்தது, நடுவில் அந்தச் செந்நிற அகிக்கல் மட்டும் அடுப்புத் தணல் மாதிரி எரிந்தது. நான் தனியாகப் போயிருந்தால் அந்தச் சுவரைத் தாண்டிப் போயிருப்பேன். அக்கா சொன்ன கடைக்காரரின் டார்ச்சும் இதே வித்தைதான், ஆனால் அங்கே விற்பதற்காக அடிக்கிறார்கள்.

அப்புறம் பனி. டிசம்பர் கடைசி வேண்டவே வேண்டாம். நான் டிசம்பர் 28ஆம் தேதி விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்து, குல்லாய் போட்டுக்கொண்டு, வரிசையில் நின்று, உள்ளே போய்ப் பார்த்தால் தாஜ்மகாலைக் காணோம். நிஜமாகவே காணோம். பெரிய வாசலைத் தாண்டி நிற்கிறேன், எதிரே வெள்ளைச் சுவர் மாதிரி பனிமூட்டம். பதினொரு மணிக்குமேல்தான் குவிமாடத்தின் விளிம்பு தெரிந்தது, அதற்குள் மூன்று மணி நேர டிக்கெட் முடிந்துவிட்டது. அந்தப் பருவத்தில் ரயிலும் மணிக்கணக்கில் தாமதமாகும், விமானமும் திரும்பிப் போகும். போதாததற்குக் கிறிஸ்துமஸிலிருந்து புத்தாண்டு வரை நாடே ஆக்ராவுக்கு வந்துவிடும்.

பிப்ரவரி அருமையான மாதம், ஆனால் பையனுக்குப் பள்ளிக்கூடம். காலாண்டு விடுமுறையில் போங்கள், செப்டம்பர் கடைசி, அக்டோபர் முதல். மழை நின்றிருக்கும், தோட்டமெல்லாம் பச்சையாக இருக்கும், யமுனையிலும் ஓரளவு தண்ணீர் இருக்கும். பகலில் வெயில் உண்டு, நம் ஊர் வெயில்தானே, பழகினதுதான்.

ரயில் பிரியன் என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். சென்னையிலிருந்து தமிழ்நாடு எக்ஸ்பிரஸ், கிராண்ட் டிரங்க் இரண்டுமே ஆக்ரா கண்டோன்மெண்டில் நின்றுதான் டெல்லி போகின்றன, ஆனால் விடிவதற்கு முன்பே இறக்கிவிடும். பெரியவர்களோடு அந்த நேரத்தில் இறங்குவது சிரமம், அதனால் விமானத்தில் டெல்லி போய்விட்டு அங்கிருந்து ரயில் பிடிப்பது நல்லது. ஹஸ்ரத் நிஜாமுதீனிலிருந்து காலையில் கதிமான் எக்ஸ்பிரஸ் இருக்கிறது, ஆக்ராவுக்கு நூறு நிமிடம். அதுவும் வெள்ளிக்கிழமை ஓடாது, தாஜ் மூடியிருக்கிற அதே நாள்.

மொழிக்குப் பயப்பட வேண்டாம். அப்பாவின் பிராத்மிக் ஆட்டோ பேரத்துக்குப் போதும்.

திண்டிவனத்தான்:

இவ்வளவு பேர் இவ்வளவு நேரம் ஒதுக்கி எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. அந்த டிராவல்ஸுக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். "எல்லோரும் இந்த பேக்கேஜில்தான் சார் போகிறார்கள்" என்றார்.

அப்பா இரண்டு கேள்வி கொடுத்திருக்கிறார். ஒன்று, ஷாஜகான் தனக்காக எதிர்க்கரையில் கறுப்புப் பளிங்கில் இன்னொரு தாஜ் கட்ட ஆரம்பித்தார் என்பது உண்மையா, கைடுகள் அதை எங்கிருந்து காட்டுகிறார்கள்? இரண்டு, தாஜ் கட்டிய வேலைக்காரர்களின் கையை வெட்டினார் என்று அவரே வகுப்பில் சொல்லியிருக்கிறாராம், இப்போது அது உறுத்துகிறதாம்.

காவிரிக்கரை:

அப்பாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். முப்பது வருடம் கழித்து உறுத்துகிறது என்றால் நல்ல வாத்தியார்.

கறுப்புத் தாஜ் கதையைக் கிளப்பிவிட்டது தவேர்னியே என்ற பிரெஞ்சு நகை வியாபாரி, 1665இல் ஆக்ராவுக்கு வந்தவர். எதிர்க்கரையில் இருப்பது மெஹ்தாப் பாக், நிலாத் தோட்டம். 1990களில் தொல்லியல் துறை அங்கே தோண்டிப் பார்த்தது. கிடைத்தது அஸ்திவாரம் இல்லை, பெரிய எண்கோணக் குளம். அதில் தண்ணீர் இருந்த காலத்தில் தாஜின் நிழல் தலைகீழாக விழுந்திருக்கும், அந்தக் "கறுப்பு" தாஜ் அதுதான் என்று வேண்டுமானால் சொல்லலாம். அங்கே கிடந்த கறுப்புக் கற்களும் வெள்ளைக் கல் நிறம் மாறியதுதான். சாயங்காலம் அங்கே போங்கள், கூட்டம் கம்மி, அம்மாவுக்குப் படியும் இல்லை, ஆற்றுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து தாஜைப் பின்பக்கமாகப் பார்க்கலாம்.

கை வெட்டிய கதைக்கு அந்தக் காலத்து ஆதாரம் எதுவும் கிடையாது. யோசித்துப் பார்த்தாலே நிற்காது. தாஜின் தலைமைக் கட்டடக் கலைஞர் உஸ்தாத் அகமது லாஹோரி. தாஜ் வேலை நடந்துகொண்டிருக்கும்போதே ஷாஜகான் தலைநகரை டெல்லிக்கு மாற்ற முடிவு செய்து செங்கோட்டையைக் கட்டத் தொடங்குகிறார், அது 1648இல் முடிகிறது. அதற்கும் அதே லாஹோரியின் பெயரைத்தான் சொல்கிறார்கள். அடுத்தடுத்து ஊரையே கட்டிக்கொண்டிருக்கிற ராஜா கொத்தனாரின் கையை வெட்டுவானா? எழுத்து வேலை செய்த அமானத் கான் தாஜுக்குள் தன் பெயரையே பொறித்து வைத்திருக்கிறார், அதற்கு அனுமதி இருந்திருக்கிறது. அவருடைய எழுத்தில் ஒரு வேடிக்கை உண்டு. வாசலைச் சுற்றி ஓடுகிற வரிகள் மேலே போகப் போக எழுத்து பெரிதாகும், கீழே நின்று பார்க்கிறவர் கண்ணுக்கு எல்லாம் ஒரே அளவாகத் தெரிவதற்காக. அப்பாவைக் கொஞ்சம் நிறுத்திக் காட்டுங்கள்.

இன்னொன்று, சிக்ரியில் புலந்த் தர்வாசாவில் பொறித்திருப்பதையும் அவர் கேட்டால் சொல்லுங்கள். உலகம் ஒரு பாலம், அதைக் கடந்து போ, அதன்மேல் வீடு கட்டாதே என்ற பொருளில் இயேசு சொன்னதாகப் பாரசீகத்தில் இருக்கிறது. 1571இல் ஒரு முழு நகரத்தையே கட்டி, 1585இல் விட்டுவிட்டு லாகூருக்குப் போன அக்பரின் வாசலில் அந்த வரி இருப்பது எனக்கு எப்போதும் கொஞ்சம் சிரிப்பாக இருக்கும்.

சும்மா ஒரு கேள்வி. திண்டிவனம் என்கிறீர்கள், செஞ்சிக்கு அப்பாவை எத்தனை தடவை கூட்டிப்போயிருக்கிறீர்கள்? ஔரங்கசீப்பின் தளபதி சுல்ஃபிகர் கான் 1690லிருந்து 1698 வரை அந்தக் கோட்டையைத்தான் சுற்றி வளைத்துக்கொண்டு கிடந்தார். தாஜ் கட்டியவரின் மகன் அனுப்பிய படை எட்டு வருடம் உங்கள் ஊர்ப் பக்கம் சமைத்துச் சாப்பிட்டிருக்கிறது.

திண்டிவனத்தான்:

செஞ்சிக்கு வருடா வருடம் பிள்ளைகளைப் பேருந்தில் கூட்டிப்போனவர் சார் அவர், ராஜகிரி படியில் என்னைவிட வேகமாக ஏறுவார். சுல்ஃபிகர் கான் பெயரைப் படித்துக் காட்டியதும் "அதெல்லாம் எனக்குத் தெரியும், தாஜைப் பற்றி எழுதச் சொல்" என்றார்.

இப்போது போட்டிருக்கிற திட்டம் இது. காலாண்டு விடுமுறை. சனிக்கிழமை காலை விமானம், மதியத்துக்கு மேல் ஹுமாயூன் கல்லறை மட்டும். ஞாயிறு காலை செங்கோட்டை, மாலை வண்டி வைத்து ஆக்ரா. திங்கள் சிக்கந்தரா, இத்மத்-உத்-தௌலா, சாயங்காலம் மெஹ்தாப் பாக். செவ்வாய் சூரிய உதயத்துக்குத் தாஜ், ஓய்வெடுத்துவிட்டு மூன்று மணிக்கு மேல் ஆக்ரா கோட்டை. புதன் சிக்ரி, இரவு டெல்லி, வியாழன் காலை விமானம். இத்மத்-உத்-தௌலாவுக்கும் தாஜுக்கும் மட்டும் கைடு, அட்டை பார்த்து. ஆக்ரா கோட்டைக்கு அப்பாவே கைடு, அவரே கேட்டுக்கொண்டார்.

மல்லிப்பூ மதுரை:

நல்ல திட்டம் தம்பி. ஆக்ரா கோட்டைக்கு உள்ளே போகிற பாதை சரிவாக ஏறும், அம்மாவை மெதுவாக நடத்துங்கள். உள்ளே ஜகாங்கீர் மகாலுக்கு முன்னால் ஒரே கல்லில் குடைந்த பெரிய தொட்டி இருக்கிறது, உள்ளேயும் வெளியேயும் படி வெட்டியிருக்கும், ஜகாங்கீர் குளித்தது என்கிறார்கள். பையனுக்கு அது பிடிக்கும். மூலையில் முசம்மன் புர்ஜ் என்ற கோபுரம், மகன் ஔரங்கசீப் சிறை வைத்ததால் 1658லிருந்து 1666இல் சாகும்வரை கோட்டையில் இருந்த ஷாஜகான் அங்கிருந்துதான் தாஜைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்பார்கள். பல சமயம் உள்ளே விடுவதில்லை, ஆனால் பக்கத்து மாடத்திலிருந்து அதே காட்சிதான். எங்கள் மாமியார் அங்கே நின்று ரொம்ப நேரம் பார்த்துவிட்டு "பெண்ணாவது கூட இருந்தாளே" என்றார். ஷாஜகானின் மகள் ஜகானாராவைச் சொன்னார். கூட்டிப்போன நானும் என் வீட்டுக்காரரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

நடைவண்டி:

கிழமை எல்லாம் சரியாக இருக்கிறது, இரண்டு தடவை பார்த்துவிட்டேன். ஒன்று மட்டும். நீங்கள் போகிற சமயம் தசரா நேரத்தில் விழுந்தால் செங்கோட்டைக்கு எதிரே மைதானத்தில் ராம்லீலா நடக்கும், சாயங்காலத்துக்கு மேல் அந்தச் சாலை நகராது. காலையில் திறந்தவுடன் உள்ளே போய்விட்டு மதியத்துக்குள் ஆக்ரா கிளம்பிவிடுங்கள், "மாலை வண்டி" என்று எழுதியிருக்கிறீர்களே, அதை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்.

திண்டிவனத்தான்:

மாற்றிவிட்டேன், மதியம் ஒரு மணிக்கு வண்டி. திரும்பி வந்து எழுதுகிறேன். அப்பா ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, முதல் பக்கத்தில் "தாஜ்: எழுத்து மேலே போகப் போகப் பெரிது, சரிபார்க்க" என்று எழுதி வைத்திருக்கிறார்.